படுத்து முழுங்கினா அடைப்பு, உக்காந்து முழுங்கினா இல்லை: அம்மாவோட மேனோமெட்ரி ரிப்போர்ட்டை எப்படி எடுத்துக்கறது?

பாலக்கோடு_பாலு
(ஞாயிறு, காலை 7.12)

வணக்கம். அம்மாவுக்கு 58 வயசு. ஆறு மாசமா சாப்பாடு நெஞ்சுக்குள்ள நிக்குதுன்னு சொல்லுது. முதல்ல களிதான் நின்னுச்சு. நம்ம பக்கம் களியை யாரும் மெல்றதில்லை, கீரைக் கடைசல்ல ஒரு பொரட்டு, ஒரே முழுங்கு. அது நடு நெஞ்சுல போய் உக்காந்துக்கும். அம்மா எழுந்து நின்னு, ஒரு சொம்பு தண்ணியைக் குடிச்சு, நெஞ்சை நீவிக்கிட்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு நடை நடக்கும். அப்புறம்தான் இறங்கும். இப்ப ரெண்டு மாசமா சோறும் அப்படித்தான்.

தருமபுரியில எண்டோஸ்கோபி பண்ணியாச்சு. கட்டி இல்லை, புண் இல்லை, சதை எடுத்து அனுப்பினதுலயும் ஒண்ணுமில்லை. "குழாய் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும், உணவுக்குழாய்க்குள்ள அழுத்தத்தை அளக்கற மேனோமெட்ரி எடுத்துட்டு வாங்க"ன்னு எழுதிக் கொடுத்தாங்க. வெளியூர்ல போய் எடுத்தோம். மூக்கு வழியா டியூப் விட்டு, மல்லாக்க படுக்க வச்சு, சிரிஞ்சுல பத்து தடவை தண்ணி கொடுத்தாங்க. அவ்வளவுதான், இருபது நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. ரிப்போர்ட்ல ஐ.ஆர்.பி.ன்னு ஒரு அழுத்தக் கணக்கு 18, இருக்க வேண்டியது 15-க்குள்ள. "உணவுக்குழாய் இரைப்பையில் சேருமிடத்தில் தடை"ன்னு போட்டிருக்கு. பலூன் வச்சு விரிக்கணும், இல்லைன்னா வாய் வழியா உள்ள போய் தசையை வெட்டணும்னு சொல்றாங்க. செலவைக் கேட்டதும் அம்மா கறவை மாட்டைத்தான் திரும்பிப் பாத்துச்சு.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். யாருங்க படுத்துக்கிட்டு சாப்பிடறாங்க? உக்கார வச்சுல்ல பாத்திருக்கணும்?

ஊத்தங்கரை_வாத்தியார்
(ஞாயிறு, காலை 8.40)

நியாயமான கேள்வி. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தினவன் சொல்றேன், புவியீர்ப்பை எடுத்துட்டு ஒரு குழாயைச் சோதிச்சா கிடைக்கிறது வேற குழாயோட விடை. படுக்க வச்சு எடுத்த சோதனையை நான் நம்ப மாட்டேன். குப்பையில போடுங்க.

தொப்பூர்_கணவாய்
(ஞாயிறு, காலை 9.05)

வாத்தியாரே, அவசரப்படாதீங்க. எனக்கும் இந்த டியூப் போட்டிருக்காங்க. என் கதை நேர் எதிர். லோடு இறக்கிட்டு மதியம் எழுதறேன்.

நெறியாளர்
(ஞாயிறு, காலை 9.30)

பாலு, முதல்ல போட்ட பதிவுல ஆஸ்பத்திரி பேர் இருந்துச்சு, எடுத்துட்டேன். பேர் வேணாம், விஷயம் மட்டும் பேசுவோம். இங்க வர்ற பதிலை வச்சு மருந்தை நிறுத்தறதோ சிகிச்சையைத் தள்ளிப் போடறதோ வேணாம்.

குழாய்க்காரி
(ஞாயிறு, காலை 11.20)

பாலு அண்ணா, நான் கிருஷ்ணகிரி பொண்ணு. பெங்களூருல இதே டியூப் போடற வேலைதான், எட்டு வருஷமா. டாக்டர் இல்லை, டெக்னீஷியன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

உணவுக்குழாய் சும்மா ஒரு ஓட்டைக் குழாய் இல்லை. சுமார் 25 செ.மீ. நீளத் தசை. முழுங்கின உடனே மேலிருந்து கீழே ஒரு சுருக்கம் அலையா ஓடி சோத்தைத் தள்ளிட்டுப் போகும். அலை வர்றதுக்கு முன்னாடியே கீழ இருக்கற வால்வு தளர்ந்து வழி விடணும். நீங்க நிமிர்ந்து உக்காந்திருந்தா தண்ணி தன் எடையிலயே பாதி வேலையைச் செஞ்சிடும். அலை பலவீனமா இருந்தாலும் தெரியாது. படுக்க வச்சா அந்தச் சலுகை கிடையாது, தசைதான் முழுசாத் தள்ளியாகணும். அதனால படுக்க வைக்கிறது தப்பு இல்லை வாத்தியார் சார், தசையோட உண்மையான பலத்தைப் பாக்கறதுக்குத்தான் படுக்க வைக்கிறோம். ஆரோக்கியமானவங்களுக்கே உக்காந்தா அலையோட பலம் குறைஞ்சுதான் பதிவாகும்.

ஆனா படுத்தா வேற தொந்தரவு வரும். உணவுக்குழாய்க்கு முன்னால இதயம், பக்கத்துலயும் பின்னாலயும் பெருந்தமனி. மல்லாந்ததும் அதெல்லாம் குழாய் மேல சாயும். சிலருக்கு கிராஃப்ல ஒரு இடத்துல நாடி மாதிரியே டிக் டிக்குன்னு கோடு விழும். வால்வு கிட்ட டியூப் வளைஞ்சு ஓரத்துல முட்டினாலும் அழுத்தம் கூடிக் காட்டும். எழுந்து உக்காரச் சொன்னா பல பேருக்கு இதெல்லாம் காணாமப் போயிடும்.

அதனாலதான் மேனோமெட்ரியை எப்படி எடுக்கணும், எப்படிப் படிக்கணும்னு டாக்டர்கள் வச்சிருக்கற சிகாகோ வகைப்பாட்டோட, 2021-ல வந்த நாலாவது பதிப்பு ரெண்டு நிலையிலயும் எடுக்கச் சொல்லுது. படுத்து 5 மி.லி. வீதம் பத்து முழுங்கு. 2 மி.லி. வீதம் விடாம அஞ்சு முழுங்கு ஒரு தடவை. அப்புறம் உக்கார வச்சு அஞ்சு முழுங்கு, கடைசியில 200 மி.லி. தண்ணியை மடக்கு மடக்குன்னு ஒரே மூச்சுல. 2015-ல வந்த முந்தின பதிப்புல கணக்குக்கு எடுத்தது படுத்த பத்து முழுங்கு மட்டும்தான். உங்க அம்மாவுக்கு அந்தப் பழைய முறையோட நிறுத்திட்டாங்கன்னு தோணுது. படுக்க வச்சது குறை இல்லை, எழுப்பி உக்கார வைக்காம விட்டதுதான் குறை.

ரெண்டு கேள்வி: அம்மா வலி மாத்திரை எதாவது சாப்பிடறாங்களா, முக்கியமா டிராமடால் மாதிரி? அந்த வகை மருந்துகள் வால்வை இறுக்கிக் காட்டும். ரிப்போர்ட்ல எந்தக் கம்பெனி கருவின்னு இருக்கா?

பாலக்கோடு_பாலு
(ஞாயிறு, மதியம் 12.02)

முட்டி வலிக்கு பாராசிட்டமால் மட்டும்தான் அக்கா. கருவி பேர் ரிப்போர்ட்ல எங்கயும் காணோம். எதுக்குக் கேக்கறீங்க?

குழாய்க்காரி
(ஞாயிறு, மதியம் 12.15)

ஐ.ஆர்.பி.ங்கறது முழுங்கினப்புறம் வால்வு நல்லாத் தளர்ந்திருக்கற 4 விநாடியில இருக்கற அழுத்தத்தோட சராசரி, பாதரச மில்லிமீட்டர்ல. ஒரு கம்பெனி டியூப்புக்கு படுத்தா 15, உக்காந்தா 12 எல்லை. இன்னொரு வகை டியூப்புக்கு படுத்தா 22, உக்காந்தா 15. அப்போ அம்மாவோட 18 ஒரு மெஷின்ல கூடுதல், இன்னொண்ணுல சாதாரணம். அவங்க 15-ன்னு எல்லை போட்டிருக்கறதால முதல் வகையாத்தான் இருக்கணும். இருந்தாலும் போன் போட்டுக் கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

அதோட, புதிய பதிப்புப்படி 'தடை'ன்னு எழுத இந்த ஒரு நம்பர் போதாது. படுத்தும் கூடுதலா இருக்கணும், உக்காந்தும் கூடுதலா இருக்கணும், தண்ணி மாட்டிக்கிட்டு உள் அழுத்தம் ஏறுறதும் சில முழுங்குலயாவது தெரியணும். அதுக்கும் மேல, ஆளுக்கு முழுங்கும்போது அடைக்கிற தொந்தரவோ நெஞ்சு வலியோ இருந்து, பேரியம் குடிக்க வச்சு எடுக்கற எக்ஸ்ரே மாதிரி இன்னொரு சோதனையும் ஒத்துப் போனாத்தான் சிகிச்சைக்குரிய தடைன்னு எடுத்துக்குவாங்க.

அரூர்_கொத்தனார்
(ஞாயிறு, மதியம் 1.30)

எனக்கு இந்த வியாதி எல்லாம் தெரியாது. ஆனா படுத்தா ஒரு நம்பர், நிமிந்தா ஒரு நம்பர்னு சொன்னதும் எங்க டியூப் லெவல்தான் ஞாபகம் வருது. மட்டம் பாக்கற தண்ணி டியூப்ல ஒரு முனையை ஒரு சாண் தூக்கினா அடுத்த முனையில தண்ணி வெளியேறிடும்ல. மூக்குல விடற டியூப்லயும் தண்ணியா இருக்கு?

குழாய்க்காரி
(ஞாயிறு, மதியம் 2.10)

கொத்தனார் அண்ணா, இதை எங்க லேபுக்கு ட்ரெயினிங் வர்றவங்களே கேக்க மாட்டாங்க!

பழைய டியூப்ல தண்ணிதான். மெல்லிசான பல குழாய்களைச் சேர்த்து ஒட்டின டியூப், அதுல சொட்டுச் சொட்டா தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். அழுத்தத்தை அளக்கற டிரான்ஸ்டியூசர் உடம்புக்கு வெளியே ஸ்டாண்டுல இருக்கும். ஆளைப் படுக்க வச்சு, டிரான்ஸ்டியூசரை உணவுக்குழாய் மட்டத்துக்குச் சரியா வச்சாத்தான் கணக்கு சரியா வரும். ஆள் எழுந்து உக்காந்துட்டா மட்டம் போச்சு. 20 செ.மீ. உயர வித்தியாசம்னா சுமார் 15 மி.மீ. பாதரசம் பொய்யாச் சேரும், இல்லை குறையும். நாம சண்டை போடற எல்லையே 15 தான்! பத்து முழுங்கும் படுத்தே எடுக்கற வழக்கம் வேரூன்றினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப பல இடத்துல இருக்கறது அந்த டியூப் இல்லை. 1 செ.மீ.க்கு ஒண்ணா 36 சென்சார் டியூப்புக்குள்ளேயே இருக்கும். நடுவுல தண்ணிக் கம்பம் கிடையாது, அதனால படுக்கலாம், உக்காரலாம், கவலை இல்லை. தண்ணி ஓடற டியூப் இன்னும் சில இடங்கள்ல புழக்கத்துல இருக்கு. அங்க நிலையை மாத்தினா மட்டத்தையும் மாத்திச் சரி பண்ணணும்.

ஊத்தங்கரை_வாத்தியார்
(ஞாயிறு, மதியம் 2.45)

200-ஐ 13.6-ஆல் வகுத்தா 14.7. சரியாத்தான் சொல்றீங்க அம்மா. குப்பையில போடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

தொப்பூர்_கணவாய்
(ஞாயிறு, மாலை 4.50)

லோடு இறக்கியாச்சு. ஓமலூர் டீக்கடையில உக்காந்து எழுதறேன்.

எனக்கு 44 வயசு, லாரி ஓட்டறேன். ரெண்டு வருஷம் சோறு தண்ணி ரெண்டுமே நின்னுச்சு. ராத்திரி கேபின்ல படுத்தா, சாயங்காலம் தின்ன சோறு புளிக்காம அப்படியே வாய்க்கு வரும், தலையணை நனைஞ்சிடும். 14 கிலோ இறங்கினேன். அல்சர்னு ஒரு வருஷம் மாத்திரை தின்னேன்.

மேனோமெட்ரியில படுத்து எடுத்தப்ப ஐ.ஆர்.பி. 14. அதாவது 'சரி'. ஆனா பத்து முழுங்குலயும் அலையே இல்லை, கிராஃப் துடைச்சு விட்ட சிலேட்டு மாதிரி. படுத்ததை மட்டும் வச்சிருந்தா "வால்வு நல்லா இருக்கு, தசை செத்துப் போச்சு, ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு அனுப்பியிருப்பாங்க. அங்க இருந்த பையன் என்னை எழுப்பி உக்கார வச்சான். அப்பவும் 14. உக்காந்தா எல்லை 12 தானே? அப்புறம் 200 மி.லி. டம்ளரைக் கையில கொடுத்து "நிக்காம குடிங்கண்ணா"ன்னான். பாதியிலயே ஸ்க்ரீன்ல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே நிறமா ஏறிடுச்சு. தண்ணி இறங்க வழியில்லாம குழாய் முழுக்க அழுத்தம். மூக்கு வழியாவே கொஞ்சம் வந்துச்சு.

அடுத்த நாள் பேரியம். நிக்க வச்சு வெள்ளைத் தண்ணியைக் குடிக்கச் சொல்லி 1, 2, 5 நிமிஷத்துல படம். 5 நிமிஷம் கழிச்சும் கம்பம் மாதிரி நின்னுது. அக்கலேசியா, அதாவது வால்வு சரியாத் தளராம, அலையும் ஓடாம போற நோய். வாய் வழியா தசையை வெட்டற போயம் பண்ணினாங்க, ஜப்பான்ல 2008-ல இனோவேன்னு ஒரு டாக்டர் முதல்ல மனுஷங்களுக்குப் பண்ணின முறைன்னு சொன்னாங்க. இப்ப புரோட்டா தின்றேன்.

பாலுவோட அம்மாவுக்கு உக்காந்து பாக்காம விட்டதால இல்லாத அடைப்பு வந்திருக்கலாம். என்னை உக்கார வச்சுப் பாத்ததால இருந்த அடைப்பு கிடைச்சுது. அதான் நேர் எதிர்னேன்.

காவேரிப்பட்டணம்_செல்வி
(ஞாயிறு, இரவு 8.15)

நெஞ்செரிச்சலுக்கு எடுக்கற 24 மணி நேர பிஎச் டெஸ்ட்லயும் இந்தப் படுக்கை உக்காருதல் கதை உண்டு. நான் மாங்கூழ் ஃபேக்டரியில சீசனுக்குப் போறவ. குனிஞ்சு கூடை தூக்கினா நெஞ்செல்லாம் எரியும். மூக்கு வழியா நூல் மாதிரி ஒரு டியூப், இடுப்புல ஒரு பெட்டி. படுக்கும்போது ஒரு பட்டன், எழும்போது திரும்ப அதே பட்டன், சாப்பிட ஒரு பட்டன். சாதாரணமா இருக்கற மாதிரி இருங்கன்னு சொன்னாங்க.

ராத்திரி படுக்கப் பட்டனை அமுக்கினேன். காலையில எழுந்ததும் கோலம், பால் காய்ச்சறது, புள்ளைக்கு டிபன், பட்டன் சுத்தமா மறந்துட்டேன். அடுத்த நாள் டாக்டர் பாத்துட்டு, "ஏம்மா, நோட்டுல 'காலை 7 மணி, மாவு ஆட்டினேன்'னு எழுதியிருக்கே, மெஷின் நீ படுத்திருக்கேன்னு சொல்லுதே, படுத்துக்கிட்டேவா மாவு ஆட்டினே?"ன்னாரு. நல்ல வேளை நேரம் நோட்டுல இருந்துச்சு, அதை வச்சுத் திருத்திட்டாங்க. மொத்த நேரத்துல 4 சதவீதத்துக்குக் கீழ அமிலம் இருந்தா சாதாரணம், 6-க்கு மேல போனா நோய்னு சொன்னாங்க. எனக்கு 7. அத்தனையும் நிமிந்திருக்கற நேரத்துல, சாப்பிட்டப்புறம் வந்தது. ராத்திரி சுத்தம். அதனால கட்டில் தலைமாட்டை உசத்தற வைத்தியம் எனக்கு அவ்வளவா வேலை இல்லைன்னுட்டாரு. சாப்பிட்ட உடனே குனியாதேன்னாரு. சீசன்ல குனியாம என்ன பண்றது, அதை அவர்கிட்ட நான் கேக்கலை.

தொப்பூர்_கணவாய்
(ஞாயிறு, இரவு 8.40)

எனக்குத் தலைமாடு வேணும். போயம் பண்ணினப்புறம் அமிலம் மேல வருது. கட்டிலுக்கு ரெண்டு செங்கல், இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கறேன். வலது பக்கம் திரும்பினா எரியுது.

பாலக்கோடு_பாலு
(இருபத்து மூணு நாள் கழிச்சு, இரவு 9.30)

மன்னிக்கணும், தக்காளி அறுப்பு. இப்பத்தான் உக்காந்தேன்.

கருவி நீங்க சொன்ன முதல் வகைதான் அக்கா. எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்டயே போய், உக்கார வச்சு எடுக்கலைன்னு சொன்னோம். கோவிச்சுக்குவாருன்னு பயந்தேன். அவரே வேற இடத்துக்குச் சீட்டு எழுதினார். அங்க ஆறு மணி நேரம் பட்டினி, மூக்குல ஜெல் தடவி டியூப். டியூப் தொண்டையைத் தாண்டும்போது அம்மா என் கையை நகம் பதியப் பிடிச்சுது. கண்ணுல தண்ணி. "அடிக்கடி எச்சில் முழுங்காதீங்கம்மா, ஒரு முழுங்குக்கும் அடுத்ததுக்கும் அரை நிமிஷம் வேணும்"னு அந்தப் பொண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. முழுங்காதேன்னு சொன்னாத்தானே முழுங்கத் தோணும்!

படுத்து: ஐ.ஆர்.பி. 17. பத்துல மூணு அலை பலவீனம். நடுவுல நாடி மாதிரி துடிப்புக் கோடு. எழுந்து உக்காந்ததும் 8. துடிப்பும் போச்சு. 200 மி.லி. தண்ணியும் தடங்கல் இல்லாம இறங்குச்சு.

அப்புறம் ஒரு விஷயம். அம்மா விடியக்காலை கிண்டின களியைத் தூக்குப் போசியில கொண்டு வந்திருந்துச்சு. "எனக்கு தண்ணி எங்கம்மா நிக்குது, இதுதான் நிக்குது, இதைக் கொடுத்துப் பாரு"ன்னு சொல்லிடுச்சு. வழக்கமா அங்க பிரெட்டோ சோறோ கொடுப்பாங்களாம். அந்தப் பொண்ணு டாக்டரைக் கேட்டுட்டு வந்து, கோலிக்குண்டு அளவுக்குச் சின்னதா உருட்டிக் கொடுக்கச் சொல்லுச்சு. மூணு உருண்டை எந்தப் பிரச்சினையும் இல்லாம இறங்குச்சு. நாலாவதை அம்மா தன் வழக்கப்படி கொஞ்சம் பெருசா உருட்டிடுச்சு. "இதோ நின்னுடுச்சு பாரு"ன்னு நெஞ்சுல கை வச்சப்ப, ஸ்க்ரீன்ல அலை பாதியிலயே அறுந்து நின்னுச்சு. அடுத்த முழுங்குக்கு முழு அலை வந்து தள்ளிட்டுப் போச்சு. வால்வு ரெண்டு தடவையும் திறந்துதான் இருந்துச்சு. நானும் பாத்தேன்.

நிக்க வச்சு எடுத்த பேரியத்துலயும் தேக்கம் இல்லை. அடைப்பு இல்லை, பலூன் வேணாம், தசையில கொஞ்சம் தளர்ச்சி இருக்கு, அது நோய்னு சொல்ற அளவு இல்லைன்னுட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. எடை குறைஞ்சாலோ தண்ணி நிக்க ஆரம்பிச்சாலோ உடனே வரணும்.

மாடு வீட்டுலதான் இருக்கு.

குழாய்க்காரி
(அதே இரவு, 10.05)

களியை வச்சு யாரும் எடுத்து நான் பாத்ததில்லை அண்ணா. நாளைக்கு எங்க டாக்டர்கிட்ட சொல்லப் போறேன். அம்மாவை உருண்டையைச் சின்னதா உருட்டி, குழம்பை நல்லா ஊத்திச் சாப்பிடச் சொல்லுங்க. சாப்பிட்டதும் படுக்க வேணாம்.

பாலக்கோடு_பாலு
(அதே இரவு, 10.12)

சொல்லிப் பாத்தாச்சு. "கோலிக்குண்டு மாதிரி உருட்டினா அது களியா, மாத்திரையா?"ன்னு கேக்குது.

ஊத்தங்கரை_வாத்தியார்
(மறுநாள், காலை 6.30)

ஒரு சொந்த சந்தேகம். என் வீட்டம்மாவுக்கு முதுகு கூன். மல்லாக்கப் படுத்தா மூச்சு வாங்கும், மூணு தலையணை வேணும். அவங்களுக்கும் முழுங்கறதுல சிரமம், இந்த டெஸ்ட் எழுதியிருக்காங்க. படுக்கவே முடியாதவங்களுக்கு என்ன பண்ணுவீங்க?

குழாய்க்காரி
(மறுநாள், காலை 7.50)

உக்கார வச்சே முழுசா எடுக்கலாம் சார். புதிய முறையில எந்த நிலையில வேணும்னாலும் ஆரம்பிக்கலாம், முடிஞ்சா அடுத்த நிலைக்கு மாத்துவோம், முடியலைன்னா விட்டுடுவோம். ஆனா எல்லையை உக்காந்த கணக்குக்கு, அதாவது முதல் வகை டியூப்புன்னா 15-க்குப் பதிலா 12-ன்னு பாக்கணும். நிமிர்ந்தா அலை பலவீனமாத் தெரியறதும் சகஜம், அதை மட்டும் வச்சு நோய்னு எழுதிடக் கூடாது. தேதி வாங்கும்போதே "படுக்க முடியாது"ன்னு சொல்லிடுங்க, இல்லைன்னா அன்னிக்கு டியூப் போட்டப்புறம் படுக்கையில தடுமாறுவாங்க. ரிப்போர்ட் வாங்கும்போது எந்த நிலையில எடுத்தது, எந்தக் கருவி, ரெண்டும் எழுதியிருக்கான்னு கவுண்டர்லயே பிரிச்சுப் பாருங்க. ஊத்தங்கரை பஸ் ஏறிட்டா அதுக்காகத் திரும்ப வரணும்.